டட்சன் காடி எண்ணெய் குடிக்குதுன்னு எழுதியிருந்தே

முருகன் துணை

ஜெலாப்பாங், ஈப்போ
15-9-1983

அன்பு மக நவமணிக்கு அம்மா எழுதிக்கிறது. கல்லுமலை முருகன் புண்ணியத்துல நானும் அப்பாவும் கையும் காலும் நல்லபடியா இருக்கோம், நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சுகமா இருக்கணும்னு விளக்கேத்தறப்பல்லாம் கேட்டுக்கிறேன். உன் கடுதாசி கிடைச்சு நாளாச்சு, பதில் போடலேன்னு கோவிச்சுக்காதே, ஏன் தள்ளிப் போச்சுன்னு கீழே எழுதியிருக்கேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாம வரிசையாப் படி. இங்க சாயங்காலமானா மழை, துணி காயவே மாட்டேங்குது, அப்பாவுக்கு முட்டி வலி திரும்பி வந்திருக்கு, ஃபேக்டரி பஸ்ல ஏறி இறங்கறப்ப முகத்தைச் சுளிக்கிறாரு, கேட்டா ஒண்ணுமில்லேங்கிறாரு. தம்பி கார்த்திகேசு பினாங்குல இருந்து மாசம் ஒரு தடவை வந்து ஒரு மூட்டை அழுக்குத் துணியைப் போட்டுட்டு ஒரு டின் முறுக்கை எடுத்துக்கிட்டுப் போறான், அவனால எனக்கு வேற உபகாரம் இல்ல. மிக்சி வாங்கினதைத்தான் எழுதினேனே, அது போடுற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்குது, சட்னி என்னவோ தண்ணியாத்தான் வருது.

உன் கடுதாசியை வழக்கம் போல நான்தான் சத்தமாப் படிச்சேன், அப்பா கேட்டுக்கிட்டு இருந்தாரு. சளி பிடிச்சு மூணு நாள் படுத்திருந்தேன்னு எழுதியிருந்தே, தலைமை ஆசிரியர் புது வகுப்பு குடுத்திருக்காருன்னு எழுதியிருந்தே, அதெல்லாம் அவர் காதுல ஏறுச்சான்னே தெரியல. காடி ரொம்ப எண்ணெய் குடிக்குது, ஈப்போவுல ஒரு டேங்க் பெட்ரோல் போட்டா எம்புட்டு நாளைக்கு வரும், இங்க பாதி நாள்கூட வரமாட்டேங்குது, தீபாவளிக்குக் கிரிக் மலை ரோட்டுல எப்படி வர்றதுன்னு பயமா இருக்குன்னு எழுதியிருந்தே பாரு, அந்த இடத்துல எழுந்து உட்கார்ந்துட்டாரு. அந்த வரியை இன்னொரு தரம் படிங்கிறாரு, இன்னொரு தரம் படிங்கிறாரு. அவரோட டட்சனை ஒருத்தர் குறை சொன்னா அவர் பெத்த பிள்ளையைச் சொன்ன மாதிரி, இங்க குறை சொன்னதே அவர் பெத்த பிள்ளையாப் போச்சா, யார் பக்கம் பேசறதுன்னு தெரியாம மனுஷன் சட்டையைப் போடறாரு, கழட்டறாரு.

அப்புறம் நான் பேனாவும் தாளுமா உட்கார்ந்தேன், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், அதையும் இதுல சேர்க்கிறேன். காலையில சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணினா காடி சூடானதும் அதை உள்ளே தள்ளணுமாம், நீ மறந்துட்டு ஸ்கூல் வரைக்கும் அப்படியே ஓட்டுவேங்கிறாரு, போன வருஷம் மார்க்கெட்டுக்கு ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே போனவதானே நீ. கேட்ல யாருக்காவது காத்திருந்தா எஞ்சினை அணைச்சிடணும். மூணாவது கியர்லயே உறுமிக்கிட்டுப் போகக் கூடாது, காடி கொஞ்சம் ஓட ஆரம்பிச்சதும் நாலாவது போடணும். முன்னால சிவப்பு விளக்கு தெரிஞ்சா தூரத்துலயே காலை எடுத்துடணும், விளக்கு வரைக்கும் ஓடிப் போய்ப் பிரேக்கைப் போட்டு மிதிக்கிறவன் பெட்ரோலைத் தார்ல ஊத்தறவனாம். அங்க மணல் காத்து அதிகம், ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டணும். பெட்ரோல் காலையில போடணும், வெயில் ஏறினா பெட்ரோல் உப்பிக்கும்னு ஒண்ணு சொல்றாரு, அதை நீ நம்ப வேண்டாம், எனக்கே நம்பிக்கை இல்ல. எல்லாத்துக்கும் மேல மிதி. பக்கத்துல பிள்ளை தூங்கறப்ப நாம எப்படிக் காலை எடுத்து வெச்சு நடப்போம், அந்த மாதிரி மிதிக்கணுமாம்.

இதை அவர் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஜெலாப்பாங் பூராவும் என் மாதிரி எண்ணெய் மிச்சம் பிடிக்க ஆள் இல்லேன்னு பீத்திக்கிறாரே, அந்த வித்தையை அவருக்கு யார் கத்துக் குடுத்தா, நீதானே. உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல, செமோர் தோட்டத்துல கணக்குப் பார்த்த கிராணி மாத்தலாகிப் போறப்ப அவர்கிட்ட இருந்து காடியை வாங்கினோம், நாம குடியிருந்த லயத்து வாசல்ல காடி நிறுத்தின முதல் ஆளு உங்கப்பா. தோட்டத்து லாரி ஓட்டின கை, அதே மாதிரி இதையும் ஓட்டினாரு, கிளம்பினா ஒரு குதி, நின்னா ஒரு குதி. உனக்கு அப்ப பன்னண்டு வயசு, ரெண்டு குதி தாங்குவே, மூணாவது குதிக்கு வாந்தி. செமோர் டவுன் வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு தடவை காடியை நிறுத்தி உன் வாயைக் கழுவணும். எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தே, இஞ்சி மென்னு பார்த்தே, வயித்துல பேப்பரை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா வாந்தி வராதுன்னு யாரோ சொன்னாங்கன்னு அதையும் பண்ணினோம், பேப்பர்தான் வீணாப் போச்சு. கடைசியில அவரே வழிக்கு வந்தாரு. கண்ணாடியில உன் மூஞ்சைப் பார்த்துக்கிட்டே ஓட்டுவாரு, நீ வாயை இறுக்கினா காலைத் தளர்த்துவாரு. அப்படியே பழகிப் பழகி நீ தூங்க ஆரம்பிச்சே. நீ தூங்கினதும் இன்னும் மெல்லமா ஓட்டினாரு, எழுப்பிடக் கூடாதேன்னு. மாசக் கடைசியில பார்த்தா டேங்க்ல பெட்ரோல் மிச்சம் இருக்கு. முள்ளு கெட்டுப் போச்சுன்னு நினைச்சு டேங்க்குக்குள்ள குச்சியை விட்டுப் பார்த்த மனுஷன் அவரு.

அந்த நாளை நினைச்சா இப்பவும் எனக்கு மனசு குளிருது. அதுக்கு அடுத்தாப்ல பெட்ரோல் விலை ஏறுச்சு பாரு, உலகமே மிச்சம் பிடிச்ச வருஷம், அப்பதான் உங்கப்பாவுக்குப் பைத்தியமே பிடிச்சுது. தோட்டத்துக்குள்ள கோயிலைத் தாண்டி ஒரு மேடு வருமே, அந்த மேட்டடியில வந்ததும் எல்லாரும் இறங்குன்னு சொல்லுவாரு. நாம மூணு பேரும் இறங்கி நடந்து ஏறுவோம், அவர் மட்டும் காடியில மகாராஜா மாதிரி முன்னால போய் மேட்டு மேல நிறுத்திக் காத்திருப்பாரு. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிட்டு வர்ற பொம்பளைங்க நம்மளைப் பார்த்துச் சிரிக்கும், என்னா அக்கா காடி வாங்கியும் நடைதானான்னு கேக்கும். எனக்கு மானமே போகும். நீயும் தம்பியும் ரப்பர் விதை பொறுக்கி மடியில கட்டிக்கிட்டு ஏறுவீங்க, மேல போனதும் அந்த விதைகூட எடைதான், கொட்டிட்டு ஏறுன்னு அவர் சொல்ல, நீ அழ, நான் சண்டை போட, இதுக்குள்ள எஞ்சின் நின்ன இடத்துலயே ஓடி மிச்சம் பிடிச்ச எண்ணெய் போயிடும். இறக்கத்துல ஃப்ரீ கியர்ல போட்டு எஞ்சினை அணைச்சு விட்டுடுவாரு, அப்ப காடிக்குள்ள ஒரு அமைதி வரும், காத்துச் சத்தம் மட்டும், ரெண்டு பக்கமும் ரப்பர் மரம் ஓடும், நீ ஜன்னல்ல முகத்தை வெச்சுக்கிட்டு இருப்பே. எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் அது. ஆனா ஒண்ணு, அதை நீ கிரிக் ரோட்டுல பண்ணிடாதே. தோட்டத்து மேடு வேற, அந்த மலை வேற, பாரத்தோட ஃப்ரீ கியர்ல இறங்கினா பிரேக் காய்ஞ்சு பிடிக்காமப் போயிடுமாம். இதை உங்கப்பா வாயாலேயே சொல்லித்தான் எழுதுறேன், எண்ணெய் போனாப் போகுது, கியர்லயே இறங்கு.

பாரம்னு எழுதினதும்தான் விஷயத்துக்கு வாரேன். உங்கப்பா பாரத்தைப் பத்தி எப்படின்னு உனக்கே தெரியும். ஹுத்தான் மெலிந்தாங்குல என் தம்பி அர்ச்சுனன் வீட்டுக்குப் போவோமே, தெலுக் ஆன்சன் வழியா, இப்ப தெலுக் இந்தான்னு பேர் மாத்திட்டாங்க, எனக்கு வாயில வரமாட்டேங்குது. வர்றப்ப உன் மாமா நண்டு, கருவாடு, தேங்காய்னு கொண்டாந்து காடிக்குப் பின்னால சாமான் வெக்கிற பூட்டுல வெப்பான், இவர் ஒவ்வொண்ணையும் கையில தூக்கிப் பார்ப்பாரு, தேங்காயை உரிச்சுட்டு எடுத்துக்கலாமே மச்சான், மட்டை எதுக்கு ஈப்போ வரைக்கும் வரணும்பாரு. மாமா வேணும்னே இன்னும் நாலு தேங்காய் ஏத்துவான். அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த ஜனவரி மாசம் உன்னைக் கோத்தா பாருவுக்குக் கொண்டு போய் விடறப்ப நான் ஏத்தினதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. தோட்டத்துல இருந்து வந்த என் அம்மி, குழவி, ரெண்டு குடம், இட்லிச் சட்டி, தோசைக்கல், குத்துவிளக்கு, தையல் மிஷின் தலை, ஒரு மூட்டை அரிசி. மாரியம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு, என்னாடி கல்யாணச் சீர் கணக்கா ஏத்தறே, மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாங்க. குடித்தனம் நடத்தப் போறவ என் மக, மாப்பிள்ளை வந்து அம்மி அரைக்கவா போறான்னு சொன்னேன். பொண்ணு புதுசா ஒரு வீட்டுக்குப் போனா வெறுங்கையோட போகக் கூடாது, அது புருஷன் வீடா இருந்தா என்ன, சர்க்கார் வேலை குடுத்த ஊரா இருந்தா என்ன. நான் கல்யாணமாகி உங்கப்பா லயத்துக்கு ஒரு தகரப் பெட்டியோட வந்தவ, சோறாக்கச் சட்டிகூட இரவல் வாங்கினவ, என் மகளுக்கு அப்படி இருக்கக் கூடாதுன்னு உன்னைப் பெத்த அன்னைக்கே நினைச்சுட்டேன். கயித்தைப் போட்டு நானே இறுக்கிக் கட்டினேன். நீங்க போய்ச் சேர்ந்தப்ப வீடு இன்னும் காலியாகல, நீ கூட வேலை பார்க்கிற டீச்சர் ரூம்ல தங்கினே, அடுத்த வாரம் வீடு கிடைச்சதும் சாமானை இறக்கிக்கிறேன்னு சொன்னே, அப்பாவும் வேலைக்கு லீவு இல்லேன்னு காடியை உன்கிட்டயே விட்டுட்டு பஸ் ஏறி வந்துட்டாரு. அப்புறம் வீடு கிடைச்சுது, மாடி வீடு இல்ல, வாசல்ல ரம்புத்தான் மரம் இருக்குன்னு எழுதினே. அந்த வீட்டு அடுப்படியில என் அம்மி இருக்குன்னு நான் இத்தனை மாசமா மனசுல பார்த்துக்கிட்டு இருந்தேன்.

இப்ப ஏன் பதில் தள்ளிப் போச்சுன்னு சொல்றேன். உன் கடுதாசி வந்த வாரம் அர்ச்சுனன் மாமாவை அவன் முதலாளி தவுக்கே மீன் வலை ஏத்திக் கோத்தா பாருவுக்கு அனுப்பறாருன்னு தெரிஞ்சுது. அப்பா நாலு பிளக்கை மண்ணெண்ணெயில போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கித் துணியில சுத்தி, இதை மாட்டிட்டு வா மச்சான், பிள்ளை காடி சரியாயிடும்னு குடுத்தனுப்பினாரு. நான் முறுக்கு டின்னும் மாங்காய் ஊறுகாயும் குடுத்தனுப்பினேன். மாமா வந்து போனது உனக்குத் தெரியும், பிளக்கை மாத்தினதும் தெரியும். நீ வகுப்புல இருந்தப்ப முறுக்கு டின்னைக் காடியில வெச்சிடலாம்னு அவன் பூட்டைத் திறந்தது உனக்குத் தெரியாது. முறுக்கு டின் வெக்க இடமில்லையாம். அம்மி இருக்காம், குடம் இருக்காம், விளக்கு இருக்காம், அரிசி மூட்டையில வண்டு ஊருதாம், நான் போட்ட முடிச்சு போட்டபடி இருக்காம். காடியைப் பின்னால இருந்து பார்த்தா கர்ப்பிணிப் பொம்பளை உட்கார்ந்த மாதிரி தாழ்ந்து கிடக்கு, இந்தக் காடி எண்ணெய் குடிக்காம என்னா பண்ணும் அக்கான்னு சொன்னான்.

எனக்கு முதல்ல கோபந்தான் வந்துச்சு, மறைக்காம எழுதுறேன். அள்ளிக் குடுத்ததைக் கையால தொட்டுக்கூடப் பார்க்கலையேன்னு. ஏப்ரல் லீவுக்கு வரல, ஆகஸ்ட் லீவுக்கும் வரல, எக்ஸ்ட்ரா கிளாஸ்னு எழுதினே, வந்தா பூட்டைத் திறப்போம்னுதானே வரல. அப்புறம் கோபம் போய் அழுகை வந்துடுச்சு. அப்பா கையில வெச்சிருந்த ஸ்பேனரைத் துடைச்சுத் துடைச்சு வெச்சாரு. பிள்ளை திரும்பி வர்றதுக்கு மூட்டையைக் கட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு, நாம இங்க பிளக்கைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கோம்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. மறுநாளே ஃபேக்டரியில ஆள் விட்டு, கல்வி இலாகாவுல தெரிஞ்சவங்க இருக்கிற ஒரு பெரிய மனுஷரைப் பிடிச்சாரு. வர்ற ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், என் மகளை ஈப்போ பக்கம் மாத்திக் குடுங்கன்னு கேக்கறதா ஏற்பாடு. யார் முன்னாலயும் போய் நிக்காத மனுஷன். எனக்கும் சந்தோஷந்தான் கண்ணு, பொய் சொல்லல, அன்னைக்கே உன் ரூமைக் கூட்டிக் கட்டில் மெத்தையை வெயில்ல போட்டேன்.

மெத்தையைத் தட்டிக்கிட்டு இருக்கிறப்பதான் மாமா சொன்ன மத்த விஷயமெல்லாம் மெல்லமா மனசுல வந்துச்சு. ஸ்கூல் விட்டதும் பொம்பளைப் பிள்ளைங்க, டீச்சரை மலாய்ல கூப்பிடற மாதிரி சிக்கு மணி, சிக்கு மணின்னு உன்னைச் சுத்திக்கிட்டு வந்துச்சாம், நீ கிளந்தான் பேச்சுலயே அதுங்ககிட்ட என்னவோ சொல்ல எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுதாம், மாமாவுக்கு ஒரு வார்த்தை விளங்கலையாம். தூரத்துப் பிள்ளைங்க மூணை நீயே காடியில வீட்டுல விடறியாம். அவ்வளவு சிரிச்ச பிள்ளை மாமாவைப் பார்த்ததும் முகம் மாறி, மாத்தல் சேதி ஏதும் வந்துச்சா மாமான்னு கேட்டியாம். அக்கா, அந்தப் பிள்ளை அங்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பஸ் ஸ்டாப்புல நிக்கிறவ மாதிரி இருக்கு லான்னு சொன்னான். உன் வீட்டுக்கார மலாய்க்கார அம்மா மாமாகிட்ட வந்து மெதுவா, டீச்சருக்கு என் வீடு பிடிக்கலையா, சாமான் எதையும் உள்ளே கொண்டு வரலையே, நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனான்னு கேட்டுச்சாம். அதைக் கேட்டதும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அதே கேள்வியை என்னையும் ஒருத்தங்க கேட்டிருக்காங்க.

தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்ப நாம இங்க வந்தோமே, நீ பெரிய ஸ்கூல்ல மூணாம் பாரம் படிச்சுக்கிட்டு இருந்தே. புது முதலாளி பழைய ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடுவான்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதை நம்பி நான் பாதி மூட்டையை அவுக்கவே இல்ல, கட்டிலுக்கடியில தள்ளி வெச்சேன். அம்மியும் சாக்குக்குள்ளதான். தினம் மாரியம்மா அக்கா வீட்டுல போய் மசாலா அரைச்சுக்கிட்டு வருவேன். பொழுதுக்கும் தோட்ட நினைப்புதான், கருக்கல்ல ஆளுங்க பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற சத்தம் கேக்கலையேன்னு இருக்கும், பால் வாசனை வரலையேன்னு இருக்கும், இங்க யார் பேசினாலும் அரை மனசாத்தான் பதில் சொல்லுவேன். ஒரு நாள் அக்கா அம்மியைக் கழுவிக் குடுத்துட்டு, ஏண்டி நீ இங்க குடியிருக்க வந்தியா இல்ல விருந்தாட வந்தியான்னு கேட்டாங்க. கோபமாக் கேக்கல, சாதாரணமாத்தான் கேட்டாங்க. வீட்டுக்கு வந்து மூட்டையை இழுத்தேன், என் கல்யாணச் சேலை ரெண்டை எலி கடிச்சிருந்துச்சு. உட்கார்ந்து அழுதுட்டு எல்லாத்தையும் அவுத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் என் சொந்த அம்மியில தேங்காய்ச் சட்னி அரைச்சு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேன். தோட்டத்தை மறந்துட்டேனா, இல்லவே இல்ல, இப்பவும் கனவு வந்தா லயந்தான் வருது. ஆனா அப்புறந்தான் இந்தச் சந்துல யார் யார் இருக்காங்கன்னு எனக்குக் கண்ணு தெரிஞ்சுது, அப்புறந்தான் உனக்கும் இங்க கூட்டாளிங்க வந்தாங்க.

அதனால நான் சொல்றதைக் கேளு. மாத்தல் வேணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. எனக்கு நீ பக்கத்துல இருக்கணும்னுதான் ஆசை, காலையில காப்பி கலக்கறப்ப இன்னும் மூணு கோப்பைதான் கை எடுக்குது, அதுக்காக உன்னை இழுத்துக்கிட்டு வந்து இங்க உட்கார வெச்சா அது நல்லதான்னு எனக்குத் தெரியல. உனக்கு அங்க மனசு ஒட்டவே இல்லேன்னா வெளிப்படையா எழுது, அப்பா யார் வீட்டு வாசலுக்கும் போவாரு. இல்ல, கொஞ்சம் கொஞ்சமா ஒட்டுது, அதை ஒத்துக்கத்தான் சங்கடமா இருக்குன்னா அதையும் எழுது, நாங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம், வீட்டை மறந்துட்டான்னு சொல்ல மாட்டோம். எது எப்படி இருந்தாலும் இது கைக்கு வந்ததும் வர்ற வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, பூட்டைத் திற. அம்மியைத் தனியாத் தூக்காதே, இடுப்பு பிடிச்சுக்கும், வீட்டுக்கார அம்மா மகனைக் கூப்பிட்டா வருவான், அந்தம்மாவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சு ஒரு காப்பி போட்டுக் குடு, உங்க வீடு எனக்குப் பிடிச்சிருக்குன்னு வாய் விட்டுச் சொல்லு. அரிசியைக் கோழிக்குப் போட்டுடு. விளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சு ஏத்து. நாளைக்கே மாத்தல் வந்தாலும் என்ன, திரும்பக் கட்டி ஏத்தறது அரை நாள் வேலை, நாம கட்டாத மூட்டையா.

இது வரைக்கும் எழுதி வெச்சுட்டு அப்பா வேலை விட்டு வந்ததும் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். அவர் ஞாயித்துக்கிழமை போகணும்னு இருக்கிறப்ப நான் அவருக்குத் தெரியாம இதை எழுதி அனுப்பறது சரியில்லேன்னு பட்டுச்சு. கேட்டுக்கிட்டே இருந்தாரு. வாந்தி எடுத்த இடத்துல மட்டும் லேசாச் சிரிச்சாரு. முடிஞ்சதும் எழுந்து போய் வெளியில தகரக் கொட்டாயில, காடி நிக்கிற இடம் காலியா இருக்கே, அங்க நின்னுக்கிட்டு இருந்தாரு. சண்டைக்கு வருவாருன்னு நினைச்சேன், நானும் ரெண்டு பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன். சோறு போட்டுக் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்து, பாதி சாப்பாட்டுல, இன்னொண்ணு எழுதணும்னாரு. ஜனவரியில பாரம் ஏத்தினப்ப பின் டயர் ரெண்டுலயும் அவர் காத்தைக் கூட்டி அடிச்சாராம். சாமானை இறக்கி வீட்டுக்குள்ள வெச்சதும் மறக்காம பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்தைக் குறைக்கச் சொல்லுன்னாரு, வெறும் காடிக்கு அந்தக் காத்து ஆகாது, அங்க மழைக்காலம் வரப் போகுது, ரோட்டுல வழுக்கும்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அப்ப ஞாயித்துக்கிழமைன்னு நான் இழுத்தேன். உன் பதில் வரட்டும், பிள்ளை என்னா சொல்லுதோ அதைப் பார்த்துக்கிட்டுப் போலாம், சட்டைக்கு இஸ்திரி போட வேண்டாம்னுட்டு ரசம் ஊத்தச் சொன்னாரு.

நீ எந்த ஊர்ல விளக்கு ஏத்தினாலும் அந்த வீடு நிறைஞ்சு இருக்கட்டும், நோய் நொடி அண்டாம நூறு வருஷம் இரு, முருகன் கூடவே வரட்டும். சளிக்குத் துளசியும் மிளகும் போட்டுக் குடி. தீபாவளிக்கு வர்றப்ப மலை ஏறறதுக்கு முன்னால ஜெலி ஸ்டேஷன்லயே டேங்க்கை ரொப்பிக்கிட்டுக் காலையில கிளம்பிடு, சாயங்காலமானா மலை ரோட்டை அடைச்சுடுவாங்க. எங்களுக்கு எதுவும் வாங்கிக்கிட்டு வராதே, வெறும் காடியா வா, நீ மட்டும் வந்தா போதும்.

இப்படிக்கு,
உன் வரவுக்கும் பதிலுக்கும் காத்திருக்கிற அம்மா,
பி. ராக்காயி

அப்பாவும் கையெழுத்துப் போடறேன்னாரு, போட்டிருக்காரு பாரு:
சீ. பிச்சைமுத்து